சர்வர் சும்மா இருக்கிறது, பில் மட்டும் ஏன் தாமதம்?

"ஏனுங்க, சர்வர்ல பாதி சும்மாதான் கிடக்குதுன்னு உங்க பையன் சொல்றாப்ல. அப்புறம் ஒரு பில் போட ஏனுங்க இத்தனை நேரம்?"

திருப்பூரிலிருந்து பனியன் ஏற்றுமதி செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் திங்கள் காலையில் இப்படிக் கேட்டார். அந்தத் தாமதத்துக்குக் காரணம் நான்தான். முந்தைய நாள்தான் அவருடைய விஎம்கள் (ஒரே சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினிகள்) ஓடும் ஹோஸ்டில், அதாவது அந்தச் சர்வரில், கோர் ஷெட்யூலிங் என்ற லினக்ஸ் பாதுகாப்பு வசதியை இயக்கியிருந்தேன். இயக்கியது தவறில்லை. அதற்கு முன் நான் அளந்த விதம்தான் தவறு.

எங்கள் பக்கத்தில் பங்காளிகளுக்குப் பொதுவான கிணறு உண்டு. ஒரே கிணறு, இரண்டு மோட்டார். ஹைப்பர்திரெடிங்கும் அப்படித்தான்: சிப்பின் ஒரே கோரில் (கணக்கிடும் அலகில்) இரண்டு திரெட், அதாவது இரண்டு வேலைத் தடங்கள்; எல்1 கேஷ் என்ற சிறு நினைவகம் இரண்டுக்கும் பொது. 2018 ஆகஸ்டில் எல்1டிஎஃப், 2019 மே மாதம் எம்டிஎஸ் என இன்டெல் சிப்களின் பாதுகாப்பு ஓட்டைகள் வெளியானபோது, இந்தப் பொதுவுடைமையே ஆபத்தானது. பக்கத்துத் திரெட்டில் ஓடும் அந்நிய விஎம் நம் தரவை உருவ முடியும். ஹைப்பர்திரெடிங்கையே அணைத்துவிடுவது ஒரு வழி. 2021 ஆகஸ்டில் வந்த லினக்ஸ் 5.14 இன்னொரு வழியைத் தந்தது. ஒவ்வொரு விஎம்முக்கும் ஒரு குக்கி, அதாவது ஓர் அடையாளக் குறி. ஒரே குக்கி உள்ளவை மட்டுமே ஒரு கோரில் சேர்ந்து ஓடலாம். அண்ணன் தண்ணீர் இறைக்கும்போது தம்பி மோட்டார் நிற்க வேண்டும், கரண்ட் இருந்தாலும். இப்படி நிற்பதற்குப் பெயர் ஃபோர்ஸ்டு ஐடில்.

ஞாயிற்றுக்கிழமை நான் என்ன செய்தேன்? மற்ற விஎம்கள் ஓய்ந்திருந்த நேரத்தில் ஒரே ஒரு விஎம்மில் சிஸ்பெஞ்ச் என்ற வேகச் சோதனைக் கருவியை ஓட்டினேன். வசதியை இயக்கும் முன்னும் பின்னும் ஒரே எண். சரி, பாரமில்லை என்று விட்டுவிட்டேன். ஒரு விஎம் மட்டும் ஓடினால் எல்லாத் திரெட்டுக்கும் ஒரே குக்கிதானே, யாருக்காக யார் காத்திருப்பது? நெரிசல் இருந்தால்தான் இதன் விலை தெரியும்.

திங்கள் காலை ஹோஸ்டில், சிபியு பயன்பாட்டைக் காட்டும் டாப் கட்டளை போட்டால் ஐடில் (சும்மா இருக்கும் நேரம்) தாராளமாக இருந்தது. விஎம்முக்குள் போய் அதே கட்டளை போட்டால் எஸ்டி (ஸ்டீல்) என்ற பத்தி ஏறிக்கொண்டே இருந்தது. ஓடத் தயாராக இருந்தும் கோர் கிடைக்காமல் விஎம் காத்திருந்த நேரம் அது. வெளியே ஐடில், உள்ளே ஸ்டீல்: இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் ஃபோர்ஸ்டு ஐடிலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மறுபடி அளந்தபோது ஹைப்பர்திரெடிங் மட்டும், அதோடு கோர் ஷெட்யூலிங், ஹைப்பர்திரெடிங் அணைத்தது என மூன்று நிலைகளையும் பார்த்தேன். மூன்றிலும் எல்லா விஎம்களுக்கும் ஒரே நேரத்தில் பாரம் கொடுத்தேன். சிபியு வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸில் நிறுத்திவிட்டுப் பல சுற்று ஓட்டினேன். சராசரியோடு நிற்காமல் 99வது பெர்சென்டைல் தாமதத்தையும் (நூற்றில் 99 வேலைகள் முடிந்துவிடும் நேரத்தை) குறித்தேன். பில் போடுகிறவர் உட்கார்ந்து காத்திருப்பது சராசரிக்காக அல்ல, அந்தக் கடைசி ஒரு சதவீதத்துக்காக.

சிக்கல் அங்கேதான் இருந்தது. அந்த ஹோஸ்டில் ஒற்றை விசிபியு (மெய்நிகர் சிபியு) உள்ள குட்டி விஎம்கள் நிறைய. ஒவ்வொன்றும் ஓடும்போது பக்கத்துத் திரெட்டைக் காலியாகப் பிடித்துக்கொள்கிறது, ஒரு மோட்டாருக்காக முழுக் கிணற்றையும் அடைத்ததுபோல. அவற்றில் நான்கு அந்த ஏற்றுமதியாளருடையவையே. ஒன்றிடமிருந்து ஒன்றைக் காக்க வேண்டிய அவசியமே இல்லை. பிஆர்சிடிஎல் என்ற லினக்ஸ் அழைப்பு மூலம் நான்குக்கும் ஒரே குக்கியைக் கொடுத்தேன். மற்ற வாடிக்கையாளர்களின் விஎம்களுக்குத் தனித்தனிக் குக்கி அப்படியே இருக்கிறது.

இதே வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. லினக்ஸின் மையமான கெர்னலில் வசதி இருக்கிறது என்பதால் பாதுகாப்பு தானாக வந்துவிடாது. விஎம்களை ஓட்டும் க்யூஎம்யூவுக்காக, அவற்றை நிர்வகிக்கும் லிப்விர்ட் மென்பொருள் வைத்திருக்கும் அமைப்புக் கோப்பில் ஷெட்-கோர் மதிப்பு நன் (எதுவுமில்லை) என்றிருந்தால் லிப்விர்ட் எந்தக் குக்கியும் போடாது. போட்டாலும், ஒரு திரெட் கெர்னலுக்குள் நுழைந்த நேரத்தில் பக்கத்துத் திரெட்டில் விஎம் ஓடுவதை இது தடுப்பதில்லை. அதனால் விஎம் நுழைவில் எல்1 கேஷைத் துடைக்கும் அமைப்பை எடுத்துவிடாதீர்கள்.

ஏற்றுமதியாளரின் விஎம்மில் எஸ்டி பத்தி அன்று மாலையே இறங்கிவிட்டது. அடுத்த நாள் அவரை நானே கூப்பிட்டு, முந்தைய நாள் தாமதம் எதனால் வந்தது என்று சொன்னேன்.