கிட்டார் ஆம்ப்புக்கு எந்த டிரான்ஸ்பார்மர்?

வால்வ் (பழைய ரேடியோக்களில் இருந்த வெற்றிடக் குழாய்) வைத்து கிட்டார் ஆம்ப்ளிஃபையர், அதாவது ஆம்ப், செய்ய இறங்குபவர்கள் பெரும்பாலும் கையில் கிடைத்த ஒரு டிரான்ஸ்பார்மரைக் காட்டி "இது போதுமா?" என்றுதான் கேட்கிறார்கள். வால்வுக்கு என்ன வேண்டும் என்று முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் பதில் சுலபமாக வந்துவிடும்.

சின்னதாக ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு ஈஎல்84 பவர் வால்வ், அதற்கு முன்னால் சிக்னலைப் பெரிதாக்க இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வுகள், சுமார் 5 வாட் ஒலி. வீட்டுக்கு இது தாராளம், பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுவே அதிகம்.

வால்வைச் சூடேற்றும் கம்பியான ஹீட்டருக்கு 6.3 வோல்ட் வேண்டும். ஈஎல்84 அதில் 0.76 ஆம்பியர் இழுக்கும், 12ஏஎக்ஸ்7 ஒவ்வொன்றும் 0.3, ஆக 1.36 ஆம்பியர். இங்கே பேரமே கிடையாது, 10 சதவீதத்துக்கு மேல் கூடினாலும் குறைந்தாலும் வால்வின் ஆயுளுக்குக் கேடு. அப்புறம் பிளேட்டுக்கு (வால்வுக்குள் எலக்ட்ரான்களை இழுக்கும் முனை) உயர் வோல்ட்டேஜ் டிசி: ஈஎல்84க்கு 250 வோல்ட், ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரிலும் கேத்தோடு (எலக்ட்ரான்களை விடும் முனை) ரெசிஸ்டரிலும் இழப்பதைச் சேர்த்தால் சுமார் 275. கரண்ட், பிளேட்டுக்கு 48 மில்லிஆம்பியர், ஸ்கிரீனுக்கு (பிளேட்டுக்கு முன்னால் உள்ள வலை) 5 சொச்சம், முன் வால்வுகளுக்குக் கொஞ்சம் என்று 60 வரை வரும்.

டிரான்ஸ்பார்மர் லேபிளில் போட்டிருப்பது ஏசியின் ஆர்எம்எஸ் அளவு, அதாவது அதே சூட்டைத் தரும் டிசிக்குச் சமமான அளவு. அலையின் உச்சம் அதைவிட 1.414 மடங்கு உயரம், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் உள்ள கெபாசிட்டர் அந்த உச்சம் வரை நிரம்பும். லோடு ஏறியதும் கொஞ்சம் இறங்கி 1.3 மடங்கு அளவில் நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ரெக்டிஃபையராக நான்கு சிலிக்கான் டயோடு கொண்ட பிரிட்ஜ் போட்டால் 275ஐ 1.3ஆல் வகுத்து 210 வோல்ட் செகண்டரி (வெளியே மின்சாரம் தரும் வைண்டிங்) தேடினால் போதும். வால்வ் ரெக்டிஃபையர்தான் வேண்டும் என்றால் அது விழுங்கும் வோல்ட்டேஜையும் அதற்கான தனி ஹீட்டர் வைண்டிங்கையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது கரண்ட் விஷயத்தில். ஆம்ப் 60 மில்லிஆம்பியர் டிசியைச் சீராக எடுக்கிறது, ஆனால் டிரான்ஸ்பார்மர் அதை அப்படிச் சீராகக் கொடுப்பதில்லை. கெபாசிட்டரில் இருக்கும் வோல்ட்டேஜை அலை தாண்டும்போது மட்டும்தான் டயோடு திறக்கும், அதாவது ஒவ்வொரு உச்சத்தையும் ஒட்டிய சின்னத் துண்டு நேரம். சுழற்சி முழுவதும் செலவாகும் மின்சாரம் மொத்தமும் அந்தத் துண்டுக்குள் பாய்ந்தாக வேண்டும், அதனால் கரண்ட் ஒல்லியான, உயரமான குத்துகளாக வருகிறது. கம்பியில் சூடு கரண்ட்டின் இருமடியைப் பொறுத்தது என்பதால் சராசரி அதேதான் என்றாலும் குத்துக் கரண்ட் அதிகம் சுடும். பிரிட்ஜில் டிசியைப்போல் 1.6 முதல் 1.8 மடங்கு ஆர்எம்எஸ் கரண்ட் ஓடும். நம் 60 மில்லிஆம்பியர் இப்படி 100 ஆகிறது: 210 வோல்ட்டுக்கு 21 விஏ (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கிய அளவு), ஹீட்டருக்கு 8.6, மொத்தம் 30. 40 விஏ டிரான்ஸ்பார்மர் இருந்தால் நிம்மதி.

பழைய வால்வ் ரேடியோவிலிருந்து கழற்றியது கிடைத்தால் மல்டிமீட்டரே பாதி கதை சொல்லிவிடும். ஹீட்டர் வைண்டிங் ஒரு ஓமுக்கும் கீழே, மெயினில் மாட்டும் பிரைமரி சில பத்து ஓம், உயர் வோல்ட்டேஜ் வைண்டிங் நூற்றுக்கணக்கில். 250-0-250 என்று இருந்தால் நடு முனையை சர்க்யூட்டின் கிரவுண்டில் இணைத்து இரண்டு டயோடுதான் போட வேண்டும், அதுவே 325 வோல்ட் தரும், ஈஎல்84இன் பிளேட் வரம்பு 300. இரு ஓரங்களுக்கும் பிரிட்ஜ் போட்டால் 700 வோல்ட் பக்கம் போய்விடும்! லேபிள் இல்லாவிட்டால் கோரின் (வைண்டிங் சுற்றியிருக்கும் இரும்புத் தகடு அடுக்கு) நடுக்காலின் அகலத்தைத் தகடு அடுக்கின் உயரத்தால் பெருக்கிப் பாருங்கள். 6 சதுர செ.மீ. என்றால் 27 விஏ, 8 என்றால் 48 விஏ, ஏறக்குறைய. முதல் தடவை மெயினில் கொடுக்கும்போது ஒரு 40 வாட் குண்டு பல்பை சீரியஸில் போடுங்கள், செகண்டரிகள் எதிலும் லோடு இல்லாமலே அது பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட்.

கிடைக்கவே இல்லையா? 230க்கு 6-0-6 டிரான்ஸ்பார்மர் இரண்டை வாங்கி முதுகோடு முதுகாக இணைக்கலாம். முதலாவதின் ஒரு பாதி ஹீட்டருக்கு 6 வோல்ட் தரும், முழு 12 வோல்ட் இரண்டாவதைத் தலைகீழாக ஓட்டும். மறுமுனையில் 230 வராது. முழு லோடில் 12 வர வேண்டும் என்பதற்காக செகண்டரியில் கூடுதல் சுற்றுகள் போட்டிருப்பார்கள், தலைகீழாகும்போது அவை நமக்கு எதிராக வேலை செய்து சுமார் 200 வோல்ட்டில் நிறுத்திவிடும். நம் ஈஎல்84க்கு அது அனேகமாகச் சரி. இரண்டு லோடையும் சுமப்பது முதலாவது என்பதால் அது பெரிதாக, 50 விஏ அளவில் இருக்கட்டும்.

டிரான்ஸ்பார்மரே வேண்டாம், மெயினை நேராக ரெக்டிஃபை செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிட்டார் கம்பியைத் தொடும் கைக்கும் மெயினுக்கும் நடுவில் அப்புறம் எதுவும் இல்லை. பிரைமரியில் ஃபியூஸ், பெட்டிக்கு எர்த், சுவிட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் வோல்ட்டேஜ் தங்கும் என்பதால் அதை வடிக்க ஒரு ரெசிஸ்டர், இவை மூன்றும் கட்டாயம்.

60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்பார்மரை 50 ஹெர்ட்ஸில் மாட்டுவதற்கு முன்னும் யோசியுங்கள். கோரில் ஏறும் காந்தப்பாயம் வோல்ட்டேஜை அதிர்வெண்ணால் வகுத்த அளவில் இருக்கும், ஆகவே அதே வோல்ட்டேஜில் 20 சதவீதம் கூடுகிறது. கோரை இறுக்கமாகக் கணக்குப் போட்டுச் செய்திருந்தால் காந்தம் நிறைந்து, பிரைமரி கரண்ட் எகிறி, சும்மா இருக்கும்போதே உறுமிக்கொண்டு சூடாகும்.