லோட் ஃபேக்டர் 3 வந்தால் ஷெல் பாதுகாப்பானதா?

மறுபடியும் அதே ரிப்போர்ட் சரிபார்ப்புக்கு வந்திருக்கிறது. மேலிருந்து அழுத்தம் தாங்கவேண்டிய மெல்லிய சுவருள்ள உருளை (ஷெல்). ஆரம், தடிமனைப் போல 500 மடங்கு. லீனியர் பக்ளிங் ஓட்டியிருக்கிறார்கள்; அதாவது, எந்தச் சுமையில் சுவர் சட்டென நெளிந்து மடங்கும் (பக்ளிங்) என்று கணினியில் போடும் எளிய கணக்கு. லோட் ஃபேக்டர் 3 (வடிவமைப்புச் சுமையைப் போல 3 மடங்கில்தான் மடங்கும்) என்று வந்ததும் ‘பாதுகாப்பானது’ என்று எழுதி முடித்துவிட்டார்கள். இதை எத்தனை முறைதான் திருப்பி அனுப்புவது?

அந்த 3, துளி பிசகும் இல்லாத உருளைக்கு உரியது. அப்படி ஓர் உருளையை எந்தப் பட்டறையும் செய்து தந்ததில்லை. தடிமனில் பாதியளவு உள்வாங்கல் இருந்தாலே தாங்குதிறன் கிட்டத்தட்ட பாதியாகிவிடலாம். ஏன் என்று டச்சு ஆய்வாளர் கொய்ட்டர் 1945-லேயே விளக்கிவிட்டார். நாசாவின் எஸ்பி-8007 வழிகாட்டியில் உள்ள குறைப்புச் சூத்திரத்தில் 500-ஐப் போட்டுப் பாருங்கள்: 0.32 வரும். 3-ஐ அதால் பெருக்கினால் 0.96. வடிவமைப்புச் சுமைக்கே இது நிற்கும் என்று யார் கையெழுத்துப் போடுவது?

கேட்டால், “மெஷ்ஷை நுணுக்கிப் பார்த்தோம் சார், விடை மாறவில்லை” என்கிறார்கள். மெஷ் என்பது உருளையைக் கணக்குக்காகச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை. மாறாதுதான். பிசகில்லாத உருளைக்கான விடை இன்னும் துல்லியமாகக் கிடைத்திருக்கிறது, அவ்வளவே. மெஷ் நுணுக்கம் வடிவப் பிசகை உள்ளே கொண்டுவராது.

அடுத்து, “லார்ஜ் டிஃபர்மேஷனை (பெரிய உருமாற்றத்தையும் கணக்கில் எடுக்கும் தேர்வை) ஆன் செய்துவிட்டோம்” என்பார்கள். என்னை அதிகம் சோர்வடைய வைப்பது இதுதான். சமச்சீரான மாடலுக்குச் சமச்சீரான சுமை கொடுத்தால், சால்வர் (கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்) சமச்சீரான பாதையிலேயே போகும். பக்ளிங் நிகழவேண்டிய இடத்தைத் தாண்டியும் உருளை கொஞ்சம் குட்டையாகி, கொஞ்சம் பருத்து, நிமிர்ந்து நிற்கும். கான்டூர் படம் அழகாக இருக்கும். லாக் ஃபைலில் மட்டும் நெகட்டிவ் பிவட் எச்சரிக்கை, அதாவது அந்த நிலை உறுதியற்றது என்ற அறிகுறி, கிடக்கும். அதைத் திறந்து படிப்பவர்கள் குறைவு. தயவுசெய்து படியுங்கள்.

வடிவப் பிசகை மாடலில் வையுங்கள். அளந்த தரவு இருந்தால் அதுவே முதல் தேர்வு. இல்லையென்றால் பக்ளிங் மோடுகளை (லீனியர் கணக்கு காட்டும் நெளிவு வடிவங்களை) தேவையான அளவுக்குச் சுருக்கிச் சேருங்கள். ஒரு குழிவையும் தனியே வைத்துப் பாருங்கள். முதல் மோடுதான் மோசமானது என்று நம்பிவிடாதீர்கள். சுமை உச்சத்தைத் தொட்டதும் வழக்கமான நியூட்டன் முறை திணறினால், சுமை இறங்கும் பாதையையும் தொடரக்கூடிய ஆர்க்-லெங்த் முறைக்கு மாறுங்கள். செயற்கை டேம்பிங்கை (கணக்கு நிற்காமலிருக்கச் சேர்க்கும் போலித் தடையை) கூட்டிக்கூட்டி ஓடவைப்பது தீர்வல்ல. வைத்தே ஆகவேண்டுமென்றால், அது விழுங்கும் ஆற்றலை ஸ்ட்ரெய்ன் எனர்ஜியோடு (உருமாறிய பொருளில் சேரும் ஆற்றலோடு) ஒப்பிட்டுக் காட்டுங்கள்.

மெம்பிரேன் (துணி போன்ற மெல்லிய படலம்) கணக்குச் செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதற்கு வளைவு விறைப்பு கிடையாது. தட்டையான மெம்பிரேனை முன்-இழுவை இல்லாமல் தொடங்கினால் முதல் படியிலேயே மேட்ரிக்ஸ் சிங்குலர் ஆகும், அதாவது சமன்பாடுகளைத் தீர்க்க முடியாமல் போகும். முடிவில் அமுக்கத் தகைவு தெரிந்தால் அதை நம்பாதீர்கள்; நிஜத்தில் அங்கே சுருக்கம் விழுந்திருக்கும். சுருக்கத்தின் அகலமும் உயரமும் வேண்டுமென்றால் ஷெல் எலிமென்ட்டுக்குப் போகத்தான் வேண்டும்.

இனி ரிப்போர்ட் அனுப்பும்போது, லோட் ஃபேக்டருக்குப் பக்கத்திலேயே எந்த வடிவப் பிசகு, தடிமனில் எத்தனை பங்கு என்று எழுதி அனுப்புங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் நான் அடுத்த பக்கத்தைப் புரட்டமாட்டேன்.