பெஞ்சில் உட்காரவா சீனியர் டீம்?

மறுபடியும் ஒரு அப்பா. பையன் எட்டாம் வகுப்பு, வயதுக்கு மீறிய வளர்த்தி. "சின்னப் பிள்ளைகளோட ஆடி என்ன சார் ஆகப்போகுது? பத்தாம் வகுப்புப் பயலுவளோட போடுங்க, தானா கத்துக்கிடுவான்" என்று ஒரே பிடி. "அண்ணாச்சி, இந்த வருஷம் அவன் வயசுக்காரங்களோடயே ஆடட்டும்" என்று சொல்லிப் பார்த்தேன். பள்ளியில் பேசி சீனியர் டீமில் சேர்த்துவிட்டார். குறுவட்டப் போட்டி முழுக்கப் பையன் பெஞ்சில். இப்போது காலைப் பயிற்சிக்கே வருவதில்லை. பாளையங்கோட்டையில் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கும் எனக்கு, இப்படி விட்டுப்போன பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து மனசு ஆறவில்லை.

கணக்கைப் பாருங்கள். பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு, ஆக 40 நிமிடம். களத்தில் ஐந்து பேர் என்றால் அணிக்கு 200 நிமிடம். பட்டியலிலோ 12 பேர். பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எந்தப் பயிற்சியாளரும் ஏழெட்டுப் பேரை நம்பித்தான் ஆடுவார். 14 வயதுக்குட்பட்டோர் அணியில் முப்பது நிமிடம் ஆடக்கூடியவன், 17 வயதுக்குட்பட்டோர் அணியில் மூன்று நிமிடம் இறங்குவான். அதுவும் ஆட்டம் யாருக்கு என்று முடிவான பிறகு.

"பெரியவங்க ஆடுறதப் பார்த்தே கத்துக்கிடுவான்" என்பதுதான் என்னை மிகவும் வருத்தும் பேச்சு. தாமிரபரணிப் படித்துறையில் உட்கார்ந்து பார்த்தே நீச்சல் படித்தவர் உண்டா? பாஸ் கொடுப்பதா, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே (ட்ரிப்பிள்) உள்ளே நுழைவதா என்று அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். தப்பாக முடிவெடுத்துப் பந்தைப் பறிகொடுத்து, திரும்ப ஓடி டிஃபென்ஸில் நின்று, அடுத்த முறை சரியாகச் செய்ய வேண்டும். அதற்குப் பந்து கையில் இருக்க வேண்டும். பெரிய பையன்கள் நடுவில் பயிற்சியில்கூட அவன் பழகுவது ஒன்றைத்தான்: பந்து வந்ததும் பயந்து பக்கத்தில் இருப்பவனிடம் தள்ளிவிடுவது.

உயரத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். பையன்கள் பெரும்பாலும் 13, 14 வயதில் சட்டென்று வளர்வார்கள், பெண் பிள்ளைகள் அதற்கு ஓரிரு வருடம் முன்பே. முந்தி வளர்ந்தவனைக் கூடைக்கு அடியிலேயே நிறுத்தினால், மற்றவர்கள் எட்டிப்பிடித்த பிறகு அவனுக்கு ட்ரிப்பிளும் வராது, தூரத்து ஷாட்டும் வராது. குட்டை என்று கழித்துவிட்ட பையன் அதற்குள் வேறு பக்கம் போயிருப்பான்.

யாருக்கு நிமிடம் கூடக் கொடுப்பது என்பதற்கு நான் பாயிண்டை மட்டும் பார்ப்பதில்லை. ஷாட் தவறியதும் திரும்பி ஓடுகிறானா? எதிராளியை முதுகால் மறித்து ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்துக்கு, இடம் பிடிக்கிறானா? ஸ்கோர் ஷீட்டில் இது ஏறாது. ஆனால் ஆட்டத்தைக் காப்பாற்றுவது இதுதான்.

"அப்ப ரெண்டு டீம்லயும் ஆடட்டும்" என்பார்கள். வேண்டாம். வளரும் வயதில், சிமென்ட் தரையில், ஒரே நாளில் இரண்டு ஆட்டம் குதித்தால் முழங்கால் தாங்காது. முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு மேட்டில் வலி என்று பிள்ளை சொன்னால் தைலம் தேய்த்துக் களத்துக்கு அனுப்பாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆட்டம் நடக்கும்போது பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்று சத்தம் போடாதீர்கள். உங்கள் பிள்ளை தலையைக் குனிந்துகொள்வதை நான் பார்க்கிறேன், நீங்கள் பார்ப்பதில்லை. மறுநாள் வாருங்கள். "எதைச் சரிபண்ணினா இன்னும் கொஞ்ச நேரம் இறக்குவீங்க?" என்று கேளுங்கள், கட்டாயம் பதில் சொல்வேன். அடுத்த வீட்டுப் பையனை ஏன் இறக்கினீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சக பயிற்சியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். நட்புமுறை ஆட்டங்களில் 12 பேரையும் இறக்குங்கள், அங்கே தோற்றால் ஒன்றும் குடிமுழுகாது. அணியில் பேர் வராத பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, காரணத்தையும் அடுத்த வருடத்துக்குள் என்ன பழக வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விட்டுவிடாதீர்கள்.