லோ-கோட்: ‘நிரல்குறை கருவி’ என்பதே பொருந்தும்

“குறைந்த குறியீட்டுத் தரவுத்தள மேம்பாட்டுத் தளம்.” லோ-கோட் டேட்டாபேஸ் டெவலப்மென்ட் டூல், அதாவது கட்டளை வரிகளை அதிகம் எழுதாமலே தரவுத்தளச் செயலிகளை உருவாக்க உதவும் மென்பொருள், என்பதற்குத்தான் இந்தப் பெயர். பயிற்சிக் குறிப்புகள், மென்பொருள் விளம்பரங்கள், கருத்தரங்கத் தலைப்புகள் என்று எங்கு பார்த்தாலும் இதே தொடர். தமிழ் நன்றாகத் தெரிந்து, கணினி அவ்வளவாகத் தெரியாத ஒருவரிடம் இதைக் காட்டிப் பாருங்கள். குறியீடுகள் குறைவாக இருக்கும் ஏதோ ஓர் இடத்தில் எதையோ மேம்படுத்துகிறார்கள் என்ற அளவில்தான் அவருக்குப் போய்ச் சேரும். கணினி தெரிந்தவரோ ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் ஆங்கிலத்துக்குத் திருப்பிப் போட்டுத்தான் புரிந்துகொள்வார். இருவருக்கும் உதவாத சொல்லை ஏன் சுமக்க வேண்டும்?

சொல்லின் வரலாறு முதலில், சுருக்கமாக. லோ-கோட் என்ற பெயரை 2014-இல் ஃபாரெஸ்டர் ஆய்வு நிறுவனம் தன் அறிக்கை ஒன்றின் வழியாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பெயர் புதிது, பொருள் பழையது. 1980-களில் பேசப்பட்ட ‘நான்காம் தலைமுறை மொழிகள்’, 1985-இல் வந்த ஃபைல்மேக்கர், 1992-இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் எல்லாம் இந்த வேலையைத்தான் செய்தன. அட்டவணை, படிவம், அறிக்கை ஆகியவற்றைத் திரையில் இழுத்துப் பொருத்திக்கொள்ளலாம். தேவைப்படும் இடத்தில் மட்டும் சில வரிகளைக் கையால் எழுதிக்கொள்ளலாம். கோட் என்ற சொல்லின் வேர் லத்தீன் கோடெக்ஸ். மரத்துண்டு, எழுதும் பலகை, ஏடு, சட்டத்தொகுப்பு என்று பொருள் நகர்ந்து நகர்ந்து, கணினிக்கு எழுதும் கட்டளைகளில் வந்து நின்றது. சரி, வரலாறு இவ்வளவு போதும்.

இப்போது ‘குறியீடு’. ஒன்றைச் சுட்டுவதற்கு இன்னொன்றை நிறுத்துவதுதான் குறியீடு. அஞ்சல் குறியீட்டு எண் ஓர் ஊர்ப்பகுதியைச் சுட்டுகிறது. பட்டைக் குறியீடு ஒரு பொருளைச் சுட்டுகிறது. கவிதையில் வரும் குறியீடும் அப்படித்தான். ஆங்கிலத்தில் இவற்றில் சிலவற்றுக்கும் கோட் என்ற சொல்லே வருவதால், அகராதியில் கோட் என்பதற்கு நேராகக் குறியீடு என்று இருக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் நிரலர் ஒருவர் உட்கார்ந்து எழுதும் கட்டளைத் தொடர் எதையும் சுட்டி நிற்பதில்லை, அது செய்யச் சொல்கிறது. ‘இதை எடு, அதோடு ஒப்பிடு, பெரியதாக இருந்தால் இங்கே எழுது’ என்பது குறியீடா? அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டியதன் விளைவு இது. இத்தனைக்கும் அதற்குத் தமிழில் நல்ல சொல் பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது: நிரல். நிரலாக்கம், நிரலர், நிரல்மொழி, மூலநிரல் என்று ஒரு குடும்பமே அதிலிருந்து கிளைத்திருக்கிறது. ஒரே கட்டுரையில் முதல் பத்தியில் ‘நிரலாக்கம்’ என்றும் மூன்றாம் பத்தியில் ‘குறியீடு எழுதுதல்’ என்றும் எழுதுகிறவர்களைப் பார்க்கும்போது, தாங்கள் எழுதியதைத் தாங்களே திரும்பப் படிப்பதில்லையோ என்றுதான் தோன்றுகிறது.

‘நிரல் என்பது புரோகிராம், கோட் வேறு’ என்று ஒரு மறுப்பு வரும். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு உண்டு. தமிழில் ‘நிரல் எழுதினேன்’ என்றால் இரண்டும் அடங்கிவிடுகிறது. எழுதப்பட்ட வரிகளை மட்டும் தனித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் நிரல்வரி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆங்கிலம் பிரிக்கிற இடத்திலெல்லாம் நாமும் பிரித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

நிரல் என்பதை ஏற்றுக்கொண்டவர்களும் அடுத்த அடியில் சறுக்குகிறார்கள். அவர்கள் எழுதுவது ‘குறைநிரல்’. இதைப் படித்ததும் தமிழ்க் காதுக்கு என்ன கேட்கிறது? குறைகுடம், குறைப்பிரசவம், அரைகுறை. பெயருக்கு முன்னால் ‘குறை’ வந்து ஒட்டினால், அந்தப் பொருள் முழுமை பெறவில்லை என்றே தமிழில் பொருள் விளையும். குறைநிரல் என்றால் பாதியில் நின்றுபோன நிரல், அல்லது பழுதுள்ள நிரல். நல்ல கருவி ஒன்றுக்கு அவப்பெயர் சூட்டுவதாக ஆகிவிடுகிறது அது.

‘குறைந்த நிரல்’ என்று மாற்றினாலும் கோணல் நிமிராது. தமிழில் எது குறைந்ததோ அதை முன்னால் சொல்லி, குறைவைப் பின்னால் சொல்வதுதான் இயல்பு. செலவு குறைந்த வழி, எடை குறைந்த பெட்டி, மாசு குறைந்த காற்று. ‘குறைந்த எடைப் பெட்டி’ என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை; மொழிபெயர்ப்பில்தான் அது நடமாடுகிறது. அந்த இயல்பைப் பின்பற்றினால் ‘நிரல் குறைந்த கருவி’ கிடைக்கும். கலைச்சொல்லுக்குரிய இறுக்கத்தோடு சுருக்கினால் நிரல்குறை கருவி. இலக்கணத்தில் இது வினைத்தொகை. நிரல் குறைந்த, குறைகின்ற, குறையும் கருவி என்று முக்காலத்துக்கும் பொருந்தும். நிரலைக் குறைக்கும் கருவி என்று விரித்தாலும் பொருள் கெடாது. ஒரு வரிகூட எழுதத் தேவையில்லாத நோ-கோட் என்பதற்கு நிரலில்லாக் கருவி. இரண்டும் ஓரினமாக நிற்பதையும் பாருங்கள்.

இதற்கு எதிராக நான் மதிக்கும் மறுப்பு ஒன்றே ஒன்று. கணிதப் பாடநூல்களில் அணிக்கோவையின் கிடைவரிசையை நிரை என்றும் செங்குத்து வரிசையை நிரல் என்றும் சொல்கிறோம். தரவுத்தளத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் நிரல்குறை என்றால் நெடுவரிசைகள் குறைந்தது என்று ஒருவர் நினைக்க வாய்ப்பு உண்டு. உண்மைதான். ஆனால் தரவுத்தளப் பேச்சில் அந்தச் செங்குத்து வரிசைக்குப் புலம் என்ற சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. அட்டவணை, பதிவு, புலம் என்று பேசுகிற இடத்தில் நிரல் என்பது கட்டளைத் தொடருக்கே மிஞ்சும்.

மேம்பாடு, தளம் ஆகிய இரண்டு சொற்களையும் பற்றிப் பேசாமல் விட மனமில்லை. மேம்பாடு என்றால் ஏற்கெனவே இருப்பதை இன்னும் நல்லதாக்குவது. இல்லாத மென்பொருளை முதன்முதலாகச் செய்வது உருவாக்கம். ‘மென்பொருள் மேம்பாட்டாளர்’ என்று எழுதுகிறவர்கள், ஊரக மேம்பாட்டுக்குப் பொருந்தும் சொல்லைத் தூக்கி வந்து இங்கே போடுகிறார்கள். தளத்தின் நிலை இன்னும் மோசம். இணையத்தளம், தரவுத்தளம், இயங்குதளம் என்று அது ஏற்கெனவே மூச்சு முட்டிக் கிடக்கிறது. ஒரே தொடரில் இரண்டு தளங்கள் வந்தால் எந்தத் தளத்தில் எது நடக்கிறது? கருவி என்று சொன்னால் தீர்ந்தது.

சொல்லை இவ்வளவு தூரம் இழுத்துப் பேசக் காரணம் உண்டு. ‘குறைந்த’ என்பது முன்னால் வந்து நிற்கும்போது எல்லாமே குறைந்துவிட்டதுபோல ஒரு மயக்கம் வருகிறது: உழைப்பு, சிந்தனை, பொறுப்பு எல்லாம். நிரல்குறை என்றால் குறைவது நிரல் மட்டும் என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். அட்டவணைகளை எப்படிப் பிரிப்பது, ஒன்றோடு ஒன்றை எப்படித் தொடர்புபடுத்துவது, யாருக்கு எந்தப் பதிவைக் காட்டலாம், இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் யாருடையது நிற்கும் என்பவை அப்படியே இருக்கின்றன. ஒரு வேலையின் கடினம் நிரல் எழுதுவதில் இல்லாமல் இவற்றில் இருக்கிறது என்றால், அந்த வேலைக்கு நிரல்குறை கருவி தவறான தேர்வு. அது குறைத்துக் கொடுப்பது நமக்குப் பெரிய சுமையே அல்ல.

மைக்ரோசாஃப்டின் நிரல்குறை கருவியான பவர் ஆப்ஸை எடுத்துக்கொள்வோம். தேடுவதையும் வடிகட்டுவதையும் பின்னால் இருக்கும் தரவுத்தளத்திடமே ஒப்படைக்க முடிகிற வரை கவலையில்லை. ஒப்படைக்க முடியாத சூத்திரம் ஒன்றை எழுதிவிட்டால், அது முதல் 500 பதிவுகளை மட்டும் கொண்டுவந்து அவற்றுக்குள் கணக்குப் பார்க்கும். அமைப்பில் மாற்றி 2000 வரை உயர்த்தலாம், அதற்கு மேல் வழியில்லை. 30,000 பதிவுகள் உள்ள அட்டவணையில் அப்படி ஒரு சூத்திரத்தால் நிலுவைத் தொகையைக் கூட்டினால், 500 பதிவுகளின் கூட்டுத்தொகை அமைதியாக வந்து திரையில் உட்காரும். உருவாக்குகிறவருக்கு வடிவமைப்புத் திரையில் எச்சரிக்கை தெரியும். அன்றாடம் பயன்படுத்துகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் வராது; அந்தத் தொகையை நம்பி அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ஆக்சஸில் வரம்பு வேறு மாதிரி. கோப்பு 2 ஜிபியைத் தாண்ட முடியாது, ஒரே நேரத்தில் 255 பேர் என்பது ஏட்டில் உள்ள உச்சம். பிணையத்தின் வழியாகப் பலர் சேர்ந்து எழுதும்போது அதற்கு வெகுமுன்பே திணறத் தொடங்கிவிடும்.

இன்னொன்றையும் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஓர் அறைக்கு ஒரு நேரத்தில் ஒரே முன்பதிவுதான் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். போஸ்ட்கிரெஸ் போன்ற முழுத் தரவுத்தளத்தில் அறையையும் நேரப்பகுதியையும் சேர்த்துத் தனித்தன்மைக் கட்டுப்பாடு ஒன்றைப் போட்டுவிட்டால், இரண்டாவது பதிவைத் தரவுத்தளமே மறுத்துவிடும். இந்தக் கட்டுப்பாடு இல்லாத கருவிகளில் ‘ஏற்கெனவே இருக்கிறதா பார், இல்லையென்றால் சேர்’ என்று ஒரு தானியங்கிப் படி அமைப்பார்கள். பார்ப்பதற்கும் சேர்ப்பதற்கும் நடுவில் ஒரு கணம் இருக்கிறதே, அதற்குள் இரண்டாமவரும் பார்த்துவிடுவார். இருவருக்கும் ‘இல்லை’ என்றே பதில் வரும், இருவரும் சேர்த்துவிடுவார்கள். சோதனை செய்யும்போது ஒருவர் மட்டுமே உட்கார்ந்து சோதிப்பதால் இது அகப்படாது. பணம், இருப்புக் கணக்கு, இருக்கை ஒதுக்கீடு என்று ஒரு பதிவு இருமுறை விழுந்தால் யாருக்காவது இழப்பு ஏற்படும் என்ற நிலையில், தரவுத்தளமே காவல் நிற்க வேண்டும். அந்த வசதி கருவியில் இருக்கிறதா என்பதை முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

வெளியேறும் வழியையும் அப்போதே பார்க்க வேண்டும். கூகுளின் நிரல்குறை கருவியான ஆப் மேக்கர் 2021 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அதில் செய்த செயலிகளை வேறு கருவிக்கு அப்படியே மாற்றிக்கொள்ள வழியில்லை, புதிதாக எழுத வேண்டியிருந்தது. பொதுவாகவே தரவை ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். படிவம், சூத்திரம், ஒப்புதல் வரிசை எதுவும் கூட வராது. பத்தாண்டு நீடிக்க வேண்டிய ஏற்பாட்டை அப்படி ஒரு கருவிமேல் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சில ஆயிரம் பதிவுகள், ஒரு சிறு குழு, ஒரு படிவம், ஒரு பட்டியல், ஓர் ஒப்புதல்: இப்படிப்பட்ட வேலைக்கு நிரல்குறை கருவி தாராளமாகப் பொருந்தும். அங்கே போய் முழு நிரலாக்கம் செய்வதுதான் வீண்.

இந்தத் துறையின் சொற்களில் என்னை மிகவும் வருத்துவது ‘குடிமகன் மேம்பாட்டாளர்’. சிட்டிசன் டெவலப்பர் என்பதை இப்படிப் பெயர்த்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் சிட்டிசன் என்பது இங்கே தொழில்முறை நிரலர் அல்லாதவர் என்ற பொருளில் வருகிறது. குடியுரிமைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கணக்குப் பிரிவில் இருப்பவர் தன் வேலைக்கான கருவியைத் தானே அமைத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். பயனர்-உருவாக்குநர் என்று எழுதினால் ஆள் யார் என்று தெரியும். அவருக்கு முழுநேர வேலை வேறு இருக்கிறது என்பதும் அதில் அடங்கும். அவர் இடம் மாறிப்போனால் அந்தச் சூத்திரங்களை யார் படித்துப் பார்த்துத் திருத்துவது என்று கேட்கத் தோன்றும். பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில், பதிவுகள் எவ்வளவு குறைவாக இருந்தாலும், நிரல்குறை கருவியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.