கியூரிங்: குணப்படுத்துதலா, பதனிடுதலா?

இணையவழி மளிகைக் கடைகளின் தமிழ்ப் பக்கங்களில் 'குணப்படுத்தப்பட்ட இறைச்சி' என்றொரு தொடர் தென்படுவதுண்டு. நோயிலிருந்து மீண்ட ஆட்டின் கறியோ என்று படிப்பவர் மயங்கக்கூடிய இத்தொடர், ஹாம், சலாமி, பேக்கன் போன்ற மேலைநாட்டு இறைச்சிப் பண்டங்களின் உறைகளில் உள்ள 'கியூர்டு' என்னும் அடைமொழியை எந்திரம் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் விளைந்தது. காரைக்குடி, தேவகோட்டைக் கடைகளின் உறைபெட்டிகளிலும் இப்பண்டங்கள் இடம்பிடித்துவிட்ட நிலையில், அவற்றில் சேரும் வேதிப்பொருள்களைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்தச் சொல்லைத் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது. கவலைக்குரிய பொருள் ஒளிந்திருப்பதே இதற்குள்தான்.

'கியூர்' என்பதன் வேர் இலத்தீன் மொழியின் 'கூரா'. அதற்குக் கவனிப்பு, பேணுதல் என்று பொருள். நோயாளியைப் பேணியது நாளடைவில் நோய் நீக்கலாகவும், கெடக்கூடிய பொருளைப் பேணியது உப்பிட்டும் புகையூட்டியும் காப்பதாகவும் ஆங்கிலத்தில் இரு கிளையாகப் பிரிந்தன. புதிய தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கும் கொத்தனாரும் தம் வேலையைக் 'கியூரிங்' என்றுதான் சொல்கிறார். ஆகவே இடத்துக்கு ஏற்பத் தமிழில் வெவ்வேறு சொற்களை ஆள வேண்டியிருக்கிறது.

இறைச்சிக்கு உரிய சொல்லாக மூன்று நம்மிடம் உள்ளன. 'பாடம் செய்தல்' என்பது புகையிலைக்கும் இறந்த உடலைக் கெடாமல் வைப்பதற்கும் வழங்குவதால், உணவுக்கு அது நாக்கில் ஒட்டாது. 'பதப்படுத்துதல்' மிக விரிந்த சொல். பால், பழச்சாறு, கறி என எதை எவ்வாறு மாற்றினாலும் அச்சொல்லுக்குள் அடங்கும். எஞ்சுவது 'பதனிடுதல்'. இது தோலுக்கு உரிய சொல்லாயிற்றே என்று தயங்குவோர் உண்டு. ஆயினும் 'பதனம்' என்பதற்குக் கவனம், பாதுகாப்பு என்றே அகராதிகள் பொருள் தருகின்றன. 'பதனமாக எடுத்து வை' என்று பேசும்போதும் அப்பொருளே நிற்கிறது. 'கூரா'வுக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச்சொல் கிடைப்பது அரிது என்பதால், பதப்படுத்துதலைப் பொதுச்சொல்லாக விட்டுவிட்டு, உப்பும் உப்பு போன்ற பொருள்களும் ஊட்டிக் காப்பதை மட்டும் பதனிடுதல் என்று குறிப்பதே தக்கது என்பது என் கருத்து.

செயல் நமக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை என்னும் சங்க நூல், எயினர் என்னும் வேட்டுவர் குடியிருப்பின் உணவாக 'வாடூன் புழுக்கல்' என்பதைக் குறிப்பிடுகிறது. வாடிய ஊன், அதாவது உலர்த்திய இறைச்சி, சேர்ந்த சோறு அது. அந்த வாடூனின் வழித்தோன்றலாகச் செட்டிநாட்டில் நிற்பது உப்புக்கண்டம். 'கண்டம்' துண்டைக் குறிக்கும் வடசொல். உப்புப் பூசிய துண்டு என்ற இப்பெயர், 'உன்னை உப்புக்கண்டம் போட்டுவிடுவேன்' என்று சண்டைக்காரர் வாயிலும் புகுந்துவிட்டது வேறு கதை.

ஆட்டுக்கறியைச் சிறு துண்டங்களாக அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிசறி ஊறவைத்து, கோணி ஊசியால் நூலில் கோத்து, முற்றத்தின் குறுக்கே கொடியாகக் கட்டுவார்கள். காக்கைக்குக் காவல் இருந்து, அந்தி சாய்ந்ததும் உள்ளே எடுத்து, மறுநாள் மீண்டும் வெயில் காட்டி, விரலால் அழுத்தினால் குழியாத அளவுக்குக் காய்ந்தபின் ஜாடியில் அடைப்பார்கள். வேண்டும்போது அம்மியில் தட்டி, சின்ன வெங்காயத்தோடு எண்ணெயில் பொரித்தெடுப்பார்கள். இங்கே கறியைக் காப்பது இரண்டே செயல்கள்: உப்பு கறியின் நீரை வெளியே இழுக்கிறது, வெயில் அந்த நீரைப் போக்குகிறது. நீரில்லாத இடத்தில் நுண்ணுயிர் பெருக வழியில்லை.

சாசேஜின் நிலை வேறு. அப்பெயரும் உப்பிட்டது என்னும் பொருளுடைய 'சல்சுஸ்' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே என்றாலும், அரைத்த கறியை ஈரத்தோடும் கொழுப்போடும் உறைக்குள் காற்றுப் புகாமல் திணிப்பதால், காற்றில்லா இடத்தில் வளரும் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் கொடிய கிருமிக்கு அது தகுந்த வீடாகிவிடுகிறது. அக்கிருமியின் பெயரில் உள்ள 'பாட்டுலஸ்' என்பதற்கும் இலத்தீனில் சாசேஜ் என்றே பொருள். அக்கிருமியால் வரும் 'பாட்டுலிசம்' என்னும் நோய்க்குப் பெயர் வந்ததே பண்டத்திலிருந்துதான். அதை அடக்குவதற்குத்தான் ஐரோப்பியர் வெடியுப்பைக் கொண்டனர் என்று சொல்லிவிட முடியாது; கிருமி என்ற கருத்தே பிறவாத காலத்தில், கறிக்கு அழகிய செந்நிறம் வருகிறது என்பதற்காகவே அதைச் சேர்த்து வந்தனர்.

வெடியுப்பு என்பது வெடிமருந்தில் சேரும் பொட்டாசியம் நைட்ரேட். கறியில் உள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றுகின்றன என்பதை ஜெர்மனியின் போலென்ஸ்கே 1891இல் கண்டார். நைட்ரைட்டிலிருந்து பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு நிறமிப் புரதத்தோடு சேர்ந்தே அந்தச் செந்நிறம் தோன்றுகிறது என்று பிரிட்டனின் ஹால்டேன் 1901இல் விளக்கினார். அதன்பின் நைட்ரேட் மாறும்வரை காத்திருப்பானேன் என்று நைட்ரைட்டையே நேரடியாகச் சேர்க்கும் வழக்கம் வந்தது. அமெரிக்க அரசு 1925இல் அதற்கு இசைவளித்தது. வேகவைத்த ஆட்டுக்கறி பழுப்பாகவும், வேகவைத்த ஹாம் இளஞ்சிவப்பாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

கவலையின் வேரும் இங்குதான் உள்ளது. நைட்ரைட், புரதச் சிதைவில் தோன்றும் அமீன்களோடு கடுஞ்சூட்டிலோ வயிற்றின் அமிலத்திலோ கூடினால் நைட்ரோசமீன் உண்டாகக்கூடும். அவ்வகைப் பொருள் ஒன்று எலிகளின் ஈரலில் கட்டிகளை உண்டாக்குவதை மகீ, பார்ன்ஸ் என்னும் இருவர் 1956இல் காட்டினர். உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் தொகுதியில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்றும் மதிப்பிட்டது. புகையிலையும் அதே தொகுதியில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு கேடு என்று பரப்புவது பிழை. சான்று எவ்வளவு உறுதியானது என்பதையே அத்தொகுதி காட்டுகிறது, கேட்டின் அளவை அன்று. 18 விழுக்காடு என்பதும் உண்ணாதவருக்கு உள்ள வாய்ப்போடு ஒப்பிட்டுச் சொன்னதே தவிர, நூறு பேரில் பதினெட்டுப் பேர் என்பதாகாது.

நம்மவர்க்கு உவக்காத செய்தி ஒன்றும் இதில் உண்டு. அந்த முகமையின் வரையறையில் உப்பிடுதலும் அடங்கும். ஆகவே நைட்ரைட் சேராத உப்புக்கண்டத்தையும் அது விலக்கவில்லை. கைப்பக்குவம் என்பதால் எவ்வளவும் உண்ணலாம் என்று பெருமை பேசுவதற்கு இடமில்லை. எனினும் நைட்ரைட் பற்றிய கேள்வியையும் உப்பு பற்றிய கேள்வியையும் ஒன்றாகக் குழப்ப வேண்டியதில்லை. முன்னதை 'நைட்ரைட் பதனம்' என்றும், பின்னதை 'உப்புப் பதனம்' என்றும் பிரித்து எழுதினால் படிப்பவர்க்கு எதைப் பற்றிய பேச்சு என்பது உடனே விளங்கும்.

இந்தியச் சட்டமும் இப்பிரிவை அறிந்தே வைத்திருந்தது. உப்பு, சர்க்கரை, வினிகர், தேன், சமையல் எண்ணெய், மசாலா ஆகியவற்றை முதல் வகுப்புப் பதனப்பொருள்கள் என்றும், நைட்ரைட், பென்சாயிக் அமிலம், சோர்பிக் அமிலம் முதலியவற்றை இரண்டாம் வகுப்பு என்றும் 2011இன் உணவுப் பாதுகாப்பு விதிகள் பகுத்திருந்தன. உறையில் 250 என்ற எண் சோடியம் நைட்ரைட்டையும், 251 சோடியம் நைட்ரேட்டையும் குறிக்கும். ஊறுகாய்ப் புட்டியிலும் சாஸ் புட்டியிலும் காணும் 211 சோடியம் பென்சோயேட். இப்பென்சோயேட்டின் பெயர், 'ஜாவகத்துக் குங்கிலியம்' என்னும் பொருளுடைய அரபுத் தொடரான 'லுபான் ஜாவி'யின் திரிபு. வெள்ளிக்கிழமை தோறும் வீட்டில் புகைக்கும் சாம்பிராணியிலிருந்துதான் பென்சாயிக் அமிலத்தை முதன்முதலில் பிரித்தெடுத்தனர். இன்றோ அது பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து ஆலையில் உருவாகிறது. சேர்பொருள் என்றாலே மேலைநாட்டுச் சரக்கு என்று எண்ணுவதற்கும் இல்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் பனஞ்சாறு புளித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு தடவியதால்தான் அது பதநீர்.

ஒரு மொழிபெயர்ப்புப் பிழை மட்டும் நகைப்போடு போகக்கூடியதன்று. வீட்டிலேயே பேக்கன் செய்யும் அமெரிக்கக் குறிப்புகளில் 'பிங்க் சால்ட்' என்று வருவது, 6.25 விழுக்காடு சோடியம் நைட்ரைட் கலந்து, சமையலுப்போடு மாறிவிடாமல் இருக்கவே இளஞ்சிவப்பு நிறமேற்றிய உப்பு. நம் கடைகளில் 'பிங்க் சால்ட்' என்றால் இந்துப்பு. குறிப்பைத் தமிழாக்குகிறவர் அங்கே 'இந்துப்பு' என்று எழுதினால் கறி கெட்டுப்போகும். நைட்ரைட் உப்பை இந்துப்பு என்று எண்ணி ஒருவர் ரசத்தில் போட்டாலோ, இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அதனை நிறத்தால் பெயரிடாமல் 'நைட்ரைட் உப்பு' என்றே எழுதி, சமையலுக்கு உரியதன்று என்பதையும் உடன் குறிப்பிட வேண்டும்.