நல்கை: ‘கிராண்ட்’ என்பதற்கு ஏற்ற தமிழ்ச் சொல்

தமிழ் எழுத்தில் ‘கிராண்ட்’ என்று எழுதினால் இரண்டு பொருள் வரும். கல்யாணம் கிராண்டாக நடந்தது என்பது ஒன்று, கல்லூரிக்கு யு.ஜி.சி. கிராண்ட் வந்தது என்பது இன்னொன்று. முதலாவது ஆடம்பரம். இரண்டாவது பெரும்பாலும் போதாமல் கையைக் கடிக்கும் தொகை. இங்கே எடுத்துக்கொள்வது இரண்டாவதைத்தான். குறிப்பாக, சமூக அறிவியல் ஆய்வுகளைப் பொதுமக்களிடம் கொண்டுபோகும் திட்டங்களுக்கு ஆராய்ச்சி மன்றங்கள் கொடுக்கும் பணம்.

ஒரு நோக்கத்தைச் சொல்லி, விண்ணப்பம் வாங்கி, துறை அறிந்தவர்களைக் கொண்டு மதிப்பிட்டு, காலவரம்போடு தரப்படும் பணம் இது. கடனைப்போல் அசலும் வட்டியும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் நன்கொடை வாங்கியவரைப்போல் நன்றி சொல்லிவிட்டு நகரவும் முடியாது. எதற்கென்று கேட்டாரோ அதற்கே செலவிட வேண்டும், கணக்கு ஒப்படைக்க வேண்டும். நம் நாட்டில் கடைசியாகப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்து, மிச்சம் இருந்தால் திருப்பவும் வேண்டும். உதவித்தொகை என்றும் சொல்வதற்கில்லை. அது ஆளுக்குத் தருவது, இது வேலைக்குத் தருவது.

கனடாவின் சமூக அறிவியல், மானிடப் புல ஆராய்ச்சி மன்றம் 1977இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவானது. ஆய்வறிவைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே சேர்ப்பதற்கென்றே அங்கே இணைப்பு நல்கை என்று ஒரு வகை உண்டு. கருத்தரங்கு போன்ற நிகழ்ச்சிக்கு 25,000 டாலர் வரை கேட்கலாம். காட்சி, காணொளி, இணையத்தளம் என்று மக்களைத் தேடிப்போகும் பணிக்கு 50,000 டாலர் வரை கேட்கலாம். கேட்கும் தொகையில் பாதியளவாவது வேறிடத்தில் திரட்டிக் காட்டினால்தான் விண்ணப்பம் செல்லும். 50,000 டாலர் கேட்பவர் இன்னொரு 25,000 டாலருக்கு வழி காட்ட வேண்டும். அது ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஊர் நூலகம் மண்டபத்தை வாடகையில்லாமல் தந்தால் அந்த வாடகை, அருங்காட்சியக ஊழியர் ஒதுக்கும் நேரம், எல்லாவற்றுக்கும் விலை போட்டு எழுதலாம். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்கள் ஆய்வு எங்களுக்கு வேண்டும் என்று வெளியே ஒருவராவது கைநீட்டாத திட்டம் வாசலிலேயே நின்றுவிடும்.

ஆங்கிலச் சொல்லின் மூலம் இந்த நடைமுறைக்கு நன்றாகவே பொருந்துகிறது. பழைய பிரெஞ்சில் உறுதியளித்தல் என்ற பொருளில் வழங்கிய சொல், இங்கிலாந்துக்கு வந்து ‘கிராண்ட்’ ஆயிற்று. அதற்கும் மூலம் ‘நம்பு’ என்னும் பொருளுடைய லத்தீன் வினைச்சொல். கடன் என்ற பொருளில் நாம் சொல்லும் ‘கிரெடிட்’டும் அதே வேரில் பிறந்ததுதான்.

தமிழில் இதற்கு நெடுநாளாக இருப்பது ‘மானியம்’. மதிக்கத்தக்கது என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது. கோயில் பணியாளருக்கும் ஊர் ஊழியருக்கும் வரியில்லாமலோ குறைந்த வரிக்கோ விட்டுக்கொடுத்த நிலம் மானியம். சோழர் கல்வெட்டுகளில் வரியற்ற நிலத்துக்கு ‘இறையிலி’ என்ற அழகான சொல் இருக்கிறது. பிற்காலத்தில் அரபு மூலமுள்ள ‘இனாம்’ வந்து சேர்ந்தது. இனாம் நிலங்களை ஒழிக்கும் சட்டங்கள் 1963இல் சென்னை மாநிலத்தில் வந்த பிறகும் சொல் மட்டும் சாகவில்லை, இடம் மாறிக்கொண்டது. இன்று மானியம் என்றால் எரிவாயு உருளையும் உர மூட்டையும்தான் நினைவுக்கு வருகின்றன. விலையில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொள்வது என்ற பொருள் அதில் அழுத்தமாகப் பதிந்துவிட்டது. இந்த நிலையில் ‘சமூக அறிவியல் ஆய்வுக்கு மானியம்’ என்று எழுதினால், படிப்பவர் அதையும் ஒரு விலைச் சலுகையாகவே எடுத்துக்கொள்வார். போட்டி, மதிப்பீடு, காலவரம்பு, கணக்கு எதுவும் அவர் மனத்தில் எழாது.

‘நல்கை’ அந்தச் சுமை இல்லாத சொல். தொகு என்பதிலிருந்து தொகை, வகு என்பதிலிருந்து வகை, நகு என்பதிலிருந்து நகை. அதே வார்ப்பில் நல்கு என்பதிலிருந்து நல்கை. புதிதாகச் செய்த சொல்லைப்போல் தோன்றினாலும் வினை மிகப் பழையது. ‘நசைபெரிது உடையர் நல்கலும் நல்குவர்’ என்பது குறுந்தொகையின் 37ஆம் பாட்டு. அங்கே பேச்சு பணத்தைப் பற்றியது அல்ல. பிரிந்துபோன தலைவன் அன்பு காட்டுவான் என்று தோழி தேற்றுகிறாள். அருளோடு கொடுத்தல் என்ற நிறம் இந்த வினையில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. (ஒலியில் நெருங்கிய ‘நல்குரவு’ வறுமையைக் குறிப்பது. திருக்குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. நல்கைக்கு விண்ணப்பிப்பவர்கள் இரண்டு சொற்களையும் நன்கு அறிவார்கள்.)

எனக்கு இந்தச் சொல்லை உறுதிப்படுத்தியது வான்சிறப்பில் வரும் குறள்:

நெடுங்கடலும் தன்நீர்மை குன்றும் தடிந்தெழிலி
தான்நல்கா தாகி விடின்.

கடலிலிருந்து முகந்த மேகம் திரும்பப் பெய்யாவிட்டால் கடலும் தன் இயல்பில் குன்றும். சமூக அறிவியல் முகப்பதும் மக்களிடமிருந்துதான். வீட்டுக் கதவைத் தட்டி வருமானம் கேட்கிறார்கள், சாதி கேட்கிறார்கள், கடன் கேட்கிறார்கள்; ஐந்து ஆண்டு கழித்து அது ஆங்கில ஆய்விதழில், சந்தா கட்டியவர் மட்டும் படிக்கும் கட்டுரையாகிறது. பதில் சொன்ன வீட்டுக்கு அதில் ஒரு துளியும் திரும்புவதில்லை. அந்தத் திரும்பலுக்காகக் கொடுக்கும் பணத்தை நல்கை என்பதைவிடப் பொருத்தமாக எப்படிச் சொல்வது?

பிரிட்டனில் இந்தத் திரும்பலுக்கு ஓர் அரசியல் பின்னணியும் இருக்கிறது. 1965இல் அங்கே சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம் தொடங்கப்பட்டது. மார்கரெட் தாட்சர் அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்த கீத் ஜோசப்புக்கு, சமூக ஆய்வை அறிவியல் என்று அழைப்பதிலேயே உடன்பாடில்லை. மன்றத்தை ஆராயும்படி ராத்ஸ்சைல்ட் பிரபுவைக் கேட்டார். 1982இல் வந்த அறிக்கை, கலைக்க வேண்டாம் என்றது. மன்றம் தப்பியது, பெயர் தப்பவில்லை. 1983இல் அது ‘அறிவியல்’ நீங்கி, பொருளாதார, சமூக ஆராய்ச்சி மன்றம் ஆயிற்று. அதே மன்றம் 2003இல் நாடெங்கும் சமூக அறிவியல் விழா நடத்தத் தொடங்கி, சிறு நிகழ்ச்சிகளுக்குப் பணம் கொடுத்தது. இருப்பே கேள்விக்குள்ளான ஓர் அமைப்பு மக்கள் முன் வந்து நிற்பதில் வியப்பில்லை. பின்னர் பல்கலைக்கழக ஆராய்ச்சியைத் தரம்பிரிக்கும் அரசு மதிப்பீட்டிலும் வெளியுலகத் தாக்கத்துக்கு மதிப்பெண் வந்தது: 2014இல் 20 விழுக்காடு, 2021இல் 25 விழுக்காடு.

இந்தியாவில் இதற்கு நிகரான மன்றம் 1969இல் அமைந்த ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம்). பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேசையா 1971இல் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அந்த மன்றமும் தமிழ்நாடு அரசும் நிதி தருகின்றன.

நல்கைக்கு முன்னால் எந்த அடைமொழி வைப்பது என்பதில்தான் எனக்குச் சற்றுத் தயக்கம். ‘பரப்புரை’ தேர்தலுக்குப் போய்விட்டது. ‘விரிவாக்கம்’ வேளாண் பல்கலைக்கழகத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது, வெளியே வந்தால் சாலையும் அமைச்சரவையும்தான் விரிகின்றன. ‘மக்கள் ஈடுபாடு’ ஆங்கிலத்தைப் பார்த்து எழுதியது. ஈடுபாடு ஒருவர் மனத்தில் இருப்பது, அதற்கு யாரும் நிதி ஒதுக்க முடியாது. ‘பகிர்வு’ தேவலை. சொல்பவரும் கேட்பவரும் அதில் சமமாக நிற்கிறார்கள். ஆகவே ‘ஆய்வுப் பகிர்வு நல்கை’ என்று எழுதலாம்.

அமைப்புகளின் பெயரில் கைவைக்க வேண்டியதில்லை. இலங்கையில் ‘பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு’ என்பதே அதிகாரப் பெயர்; சட்டமன்றத்தில் ‘மானியக் கோரிக்கை’ என்பதும் அப்படியே இருக்கட்டும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் யு.ஜி.சி.க்குப் ‘பல்கலைக்கழக நல்கைக் குழு’ என்ற பெயர் ஏற்கெனவே புழங்குகிறது. தருபவர் நல்கையாளர், வாங்குபவர் நல்கை பெறுநர். ‘நல்கைத் தொகை’, ‘நல்கைக் காலம்’ என்று எழுதும்போது ஒற்று மிகும்.