பிக்கப் வண்டிக்குக் கறள் தடுப்பு: யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

செப்ரெம்பர் பிறந்தால் எங்கள் கராஜில் இந்தக் கேள்வி தொடங்கிவிடும். "அண்ணை, புது பிக்கப். வாங்கின இடத்தில, அடிப்பக்கம் கறள் பிடிக்காமப் பூசுற அண்டர்கோட்டிங் எண்டு பெரிய காசு கேக்கினம். அடிக்கட்டோ, விடட்டோ?"

ரொறன்ரோவைச் சுற்றி கூரை வேலை, கட்டட வேலை, பனி தள்ளும் வேலை என்று பிக்கப்பை நம்பிப் பிழைக்கும் தமிழர்கள் நிறையப் பேர். அதனால் நான் உடனே ஆமென்றோ இல்லையென்றோ சொல்வதில்லை. எத்தனை வருஷம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். மூன்று நான்கு வருட லீஸில் எடுத்துத் திருப்பிக் கொடுக்கப் போகிறவருக்கு இது வேண்டாத செலவு. அந்தக் காலத்துக்குள் கறள் வண்டியைத் தாங்கும் அடிச் சட்டகத்தைத் தின்றுவிடாது. எட்டுப் பத்து வருஷம் ஓட்டப் போகிறவர் என்றால், அதுவும் ஒன்ராறியோவிலோ கியூபெக்கிலோ என்றால், கட்டாயம் அடியுங்கள் என்பேன். ஆனால் எதை அடிப்பது என்பது அதைவிட முக்கியம்.

கறளுக்குக் காரணம் உப்பு. கனடாவில் பனியை உருக்க வருடத்துக்குச் சுமார் 50 லட்சம் தொன் உப்பு வீதிகளில் கொட்டப்படுகிறது. ஒன்ராறியோவின் கோடரிச் நகரில், ஹியூரன் ஏரிக்கு அடியில், உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கமே இருக்கிறது. சாதாரண உப்பு, குளிர் மைனஸ் பத்துப் பாகைக்குக் கீழே போனால் சரியாக வேலை செய்யாது. அதனால் கல்சியம் குளோரைட்டையோ மக்னீசியம் குளோரைட்டையோ கலந்தும் அடிக்கிறார்கள். இவை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வீதி காய்ந்து வெள்ளையாகத் தெரியும் நாளிலும் வண்டியின் அடிப்பக்கம் ஈரமாகவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

கடும் குளிரில் கறள் மெதுவாகத்தான் ஏறும். உப்பும் ஈரமும் சூடும் ஒன்றாகச் சேரும்போதுதான் அது ஓட்டமெடுக்கும். மார்ச், ஏப்ரலில் பனி உருகும் நாட்கள் அப்படிப்பட்டவை. ஜனவரியில் உப்புச் சேற்றோடு வந்து இரவு முழுக்கச் சூடான கராஜுக்குள் நிற்கும் வண்டிக்கும் அதே கதிதான். வண்டியைப் பத்திரமாக உள்ளே விடுகிறோம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிக்கப்புக்கு ஏன் தனிக் கவலை? இன்றைய கார்களில் உடலே எலும்புக்கூடு. பிக்கப்பில் இரும்புச் சட்டகம் ஒன்று நீளத்துக்கு ஓடும். கேபினும் பின்பெட்டியும் அதன்மேல் போல்ட் பூட்டி நிற்கும். அந்தச் சட்டகம் பல வண்டிகளில் மூடிய பெட்டிக் குழாய் வடிவம். உப்பும் மண்ணும் துளைகள் வழியே உள்ளே போய்த் தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துவரும். வெளிப் பெயின்ற் நன்றாகவே இருக்கும். உள்ளே தகடு பொருக்காக உதிர்ந்துகொண்டிருக்கும். நான் வண்டியை ஹொயிஸ்றில் (தூக்கும் மேடையில்) ஏற்றியதும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பேன். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். அரித்த இடம் மொத்தென்று கேட்கும், துளை வழியே செதில் கொட்டும். பின்சக்கரத்துக்கு மேலே சட்டகம் வளையும் இடமும் லீஃப் ஸ்பிரிங் தொங்கும் பிடிகளும் முதலில் போகும்.

இது பழைய வண்டிக்காரரின் பிரச்சினை மட்டும் இல்லை. சட்டகத்துக்குப் போதிய கறள் பாதுகாப்பு இல்லை என்ற வழக்கில், ரகோமா, ருண்ட்ரா, செக்கோயா வண்டிகளில் சில ஆண்டு மொடல்களுக்காக ரொயோட்டா 2016இல் அமெரிக்காவில் இணக்கத்துக்கு வந்தது. சுமார் 15 லட்சம் வண்டிகள் அதில் அடக்கம். இன்னொன்று, 2015 மொடலிலிருந்து ஃபோர்ட் எஃப்-150இன் உடல் அலுமினியம் என்பதால் அதற்குக் கறளே வராது என்று நினைப்பவர்கள் உண்டு. உடல்தான் அலுமினியம். சட்டகம் இன்னும் இரும்புதான்.

சட்டகத்தைவிட என்னை அதிகம் பயமுறுத்துவது பிரேக் குழாய். விரல் அளவுகூடத் தடிப்பில்லாத இரும்புக் குழாய், சட்டகத்தின் ஓரமாகப் பின்சக்கரம் வரை போகிறது. இடையிடையே பிளாஸ்ரிக் கிளிப் பிடித்திருக்கும். கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவே உப்புச் சேறு புகுந்தால் அதை எந்தக் கழுவலும் எடுக்காது. கிளிப்பைக் கழற்றிப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் வழவழவென்று இருக்க, அங்கே மட்டும் குழாய் பொங்கிச் சொரசொரத்துக் கிடக்கும். அவசரத்துக்கு ஓங்கி மிதிக்கும்போதுதான் அது வெடிக்கும். பெடல் தரைக்குப் போய்விடும். 1999 முதல் 2003 வரையான ஜெனரல் மோட்டர்ஸ் பிக்கப்புகளிலும் எஸ்யூவிகளிலும் வந்த இதே முறைப்பாட்டை அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் பல வருஷம் விசாரித்தது. 2015 ஏப்ரலில், வண்டிகளைத் திருப்பி அழைக்கச் சொல்லாமலே விசாரணையை முடித்து, உப்பு வீதிகளில் ஓடுபவர்கள் அடிப்பக்கத்தைக் கழுவிப் பிரேக் குழாயைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று அறிவுறுத்தியது. அதாவது பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான். மாற்ற வேண்டி வந்தால் செம்பும் நிக்கலும் கலந்த குழாய் போடச் சொல்லுங்கள். அது கறள் பிடிக்காது.

உபரிச் சக்கரத்தையும் யாரும் நினைப்பதில்லை. பின்பெட்டிக்கு அடியில் கம்பிவடத்தில் தொங்குகிறது அது. சில குளிர்காலம் போனால் அந்த வடம் சுற்றும் சுருள் இறுகிவிடும்; நெடுஞ்சாலை 401இன் ஓரத்தில் ரயர் போய் நிற்கும்போது சக்கரம் கீழே இறங்காது. வருஷத்துக்கு ஒருமுறை இறக்கி, வடத்துக்கு எண்ணெய் அடித்து ஏற்றிவிடுங்கள்.

சரி, எதை அடிப்பது? விற்பனையாளர் மேசையில் பெரும்பாலும் விற்கப்படுவது தார் அல்லது ரப்பர் பூச்சு. ஒருமுறை அடித்தால் ஆயுளுக்கும் போதும் என்பார்கள். புத்தம்புது இரும்பில், கவனமாக அடித்தால் கொஞ்சக் காலம் காக்கும். பிறகு கல் பட்டு, குளிரில் இறுகி, மெல்லிய வெடிப்பு விழும். வெடிப்பு வழியே உப்புத்தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. ஏற்கெனவே கறள் பிடித்த வண்டிக்கு இதை அடிப்பது சீழ் வைத்த புண்ணுக்கு மேலே பிளாஸ்ரர் ஒட்டுவதைப் போன்றது. மெக்கானிக்கின் கண்ணுக்கும் மறைந்துவிடும்.

நான் சொல்வது வருடாந்த எண்ணெய்ப் பூச்சு. பெற்றோலிய எண்ணெய் வகையும் இருக்கிறது, ஆட்டுக் கம்பளிக் கொழுப்பான லனோலினில் செய்ததும் இருக்கிறது. எண்ணெய் இடுக்குகளுக்குள் ஊர்ந்து போகும். லனோலின் தடிப்பாக ஒட்டி நிற்கும், தண்ணீருக்கு அவ்வளவு சீக்கிரம் போகாது. ஒவ்வொரு வருஷமும் செலவுதான். ஆனால் ஒரு பிரேக் குழாய் வேலைக்கும் ஒரு சட்டக வெல்டிங்குக்கும் போகும் காசோடு வைத்துப் பாருங்கள். பழைய வண்டியிலும் ஏற்கெனவே உள்ள கறளை இது மெதுவாக்கும். சட்டகத்தில் ஓட்டையே விழுந்திருந்தால் மட்டும் அடிக்காதீர்கள். அந்தக் காசைச் சட்டகத் திருத்தத்துக்கோ அடுத்த வண்டிக்கோ வையுங்கள்.

பற்றரியில் இணைக்கும் சின்ன மின்பெட்டி ஒன்றும் விற்கிறார்கள். மின்சாரத்தால் கறளைத் தடுக்கும் முறை கப்பலின் அடிக்கும் நிலத்துக்குள் புதைத்த குழாய்க்கும் வேலை செய்யும், ஏனென்றால் அவற்றைச் சுற்றித் தண்ணீரோ ஈர மண்ணோ எப்போதும் இருந்து மின்சுற்றை முடிக்கிறது. வீதியில் ஓடும் வண்டியைச் சுற்றி இருப்பது காற்று. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

எண்ணெய் அடிக்க நல்ல காலம் செப்ரெம்பர், ஒக்ரோபர். முதலில் அடியைக் கழுவி, ஓரிரு நாள் நன்றாகக் காயவிட்டுக் கொண்டுபோங்கள். ஈர இரும்பில் அடித்துப் பயனில்லை. சட்டகக் குழாயின் உட்பக்கத்துக்கும் நீளக் குழல் விட்டு அடிப்பீர்களா என்று கேளுங்கள். வெளியே மட்டும் அடிப்பவரிடம் போக வேண்டாம். பிரேக் டிஸ்கிலும் புகைபோக்கியிலும் படக்கூடாது. கதவுகளின் கீழேயுள்ள வடிகால் துளைகள் அடைபடக்கூடாது. அப்புறம், ஓரிரு நாள் எண்ணெய் சொட்டும். மார்க்கம், ஏஜக்ஸ் நகரங்களில் வீட்டு முன்றிலுக்கு அழகாகக் கல் பதித்து வைத்திருப்பவர்கள் கீழே பெரிய அட்டை விரித்துவிடுங்கள், அந்தக் கறை போகாது. குளிர்காலத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே வரும் நாளில் அடியைக் கழுவுங்கள். ஏப்ரலில் ஒருமுறை நன்றாகக் கழுவுங்கள்.

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. விளம்பரப் படத்தில் அடிப்பக்கம் புதிதாகக் கறுப்படித்துப் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். பத்து வருஷம் ஒன்ராறியோவில் ஓடிய இரும்பு அப்படி இருக்காது. ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போய், ஹொயிஸ்றில் ஏற்றி, பின்சக்கர வளைவில் தட்டிப் பாருங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்கவில்லையென்றால் வேறு வண்டி பாருங்கள்.